காக்கை வராத மீன்கள்

அத்தியாயம் நான்கு

"கால்வாயில் இறந்து கிடந்த நூற்று இருபது மீன்களின் உடலிலும், இரண்டு பக்கமும், சம இடைவெளியில் மும்மூன்று காயங்கள் காணப்பட்டன. இவை கடுமையான அமிலத்தால் உண்டானவை எனத் துறை மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறது."

அண்ணி நாளிதழை மடித்து மேஜை மேல் போட்டாள்.

"ஒரு துறை வேதனைப்பட ஆரம்பிச்சா, பக்கத்துல எவனோ ஒருத்தன் மாட்டப்போறான்னு அர்த்தம்."

"மாட்டிட்டாரு," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண். "எங்க வீட்டுக்காரர்தான்."

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். கீழே யாருக்கோ பல் பிடுங்கும் சத்தம் மேலே வரும். வாடகை குறைவு.

அண்ணி பதினான்கு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்த மாடுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள். ஒரே மாடு மூன்று தடவை செத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். பாராட்டு வரவில்லை. மாடு மேனேஜரின் மச்சானுடையது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்தாள். உதவியாளன் அவளுடைய கணவனின் தம்பி. கல்யாண போட்டோகிராபராக இருந்தவன். ஒரு பெரிய அதிகாரி வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை ஒரு படத்தில்கூட இல்லாமல் போனதோடு அந்தத் தொழில் முடிந்தது. ஃப்ளாஷ் என்ற பட்டப்பெயர் மட்டும் மிச்சம். அவன் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கு கொண்டு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றாள் அண்ணி.

அந்தப் பெண் குப்பைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்ப்பவள். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். கிடங்கை ஒட்டி ஒரு பழைய கால்வாய். முப்பது வருடமாகச் செத்துக் கிடந்ததை நான்கு வருடமாகச் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூறு மீட்டர். அதற்குக் காவலாளி அவள் கணவன். கரையிலேயே ஓர் அறை வீடு, துறை கொடுத்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கால்வாய்க் கரையில் நூற்று இருபது செத்த மீன்கள். ஒன்பதேகாலுக்குப் பத்திரிகைக்காரர்கள். ஒன்பதரைக்குக் காவலாளியின் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய சந்தேகத்துக்குரிய பொடி. பத்து மணிக்கு அவர் சஸ்பெண்ட். வெள்ளிக்கிழமை நிதி கொடுத்த குழு கால்வாயைப் பார்க்க வருகிறது. அதற்குள் குற்றவாளி வேண்டும்.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. அதுல கையெழுத்துப் போட்டுட்டா போலீஸ்கிட்ட ஒப்படைச்சுடுவாங்களாம். தண்ணியில விஷம் கலந்த கேஸ். வீட்டையும் காலி பண்ணணும்."

"அவர் என்ன சொல்றாரு?"

"அதான் அண்ணி பிரச்சினையே. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. அன்னிக்குக் காலையில, காவல் நேரத்துல, ஏழு மணிலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் எங்க இருந்தீங்கன்னு கேட்டா தரையைப் பாக்குறாரு."

"வேற எங்கயாவது…" என்று ஃப்ளாஷ் இழுத்தான்.

"என்ன தம்பி, பொம்பளை விஷயமான்னு கேக்குறீங்களா? அந்த மனுஷன் என்கிட்டயே மாசத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவாரு. இன்னொருத்திகிட்ட பேச அவர்கிட்ட வார்த்தை ஏது?"

அண்ணி முதல் தடவையாகச் சிரித்தாள். "அவரோட வேலை உத்தரவு இருக்கா?"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை அவள் நீட்டினாள். அண்ணி இரண்டு தடவை படித்தாள். தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று.

*

குப்பை மேட்டின் வாசனை இரண்டு தெரு முன்னாலேயே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டது.

கால்வாய், படத்தில் அழகாக இருந்திருக்கும். இரண்டு கரையிலும் புதுக் கற்கள். புது விளக்குக் கம்பம். புது பெஞ்சு, அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே குப்பை மலை தெரியும். தண்ணீர் மட்டும் பழசு. கிடங்கிலிருந்து கசிந்த கறுப்புச் சாறு ஒரு கரையோரமாக நூல் பிடித்ததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் போகத் தார் போட்ட பாதை ஐந்நூறாவது மீட்டரில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் கால்வாய் வளைந்து புதருக்குள் போனது.

"அங்க என்ன?" என்றாள் அண்ணி.

"அங்கயும் கால்வாய்தான் அண்ணி," என்றாள் எடைமேடைக்காரி. "ஆனா ஜீப் போகாது. அதனால அதிகாரிங்க யாரும் போனதில்ல."

கரையில் ஒரு பலகை, பெயிண்டு வாசனையோடு. 'இங்கே மீன் பிடிக்கக் கூடாது.'

"இது எப்ப வச்சாங்க?"

"சனிக்கிழமை."

"செத்தது திங்கட்கிழமை," என்றான் ஃப்ளாஷ். "நல்லவேளை, ரெண்டு நாளாவது நிம்மதியா இருந்திருக்குங்க."

பலகைக்குப் பக்கத்தில் ஒல்லியான ஒருவர் வெள்ளிக்கிழமை வரவேற்புக்குத் தோரணக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கால்வாய்த் திட்டத்தை நடத்தும் செயற்பொறியாளரின் கிளார்க். துறையின் எல்லா அறிக்கைகளையும் அவரே எழுதுவதால் அறிக்கை என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை.

"பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை," என்றார் அறிக்கை.

"பாக்க வரல சார். அழ வந்திருக்கோம்," என்றான் ஃப்ளாஷ். "நூத்தி இருபது உசிரு. உங்க வேதனையைப் பேப்பர்ல படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல."

அறிக்கையின் முகம் மலர்ந்தது. "அந்தப் பத்தி நல்லா வந்திருந்துச்சு, இல்ல?"

"மீனெல்லாம் எங்க சார் இப்ப?" என்றாள் அண்ணி.

"அழிச்சாச்சு. நச்சுக் கழிவு. அன்னிக்கே பதினொரு மணிக்குக் கிடங்குல கொட்டி மூடிட்டோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கு."

"பத்திரிகைக்காரங்க பக்கத்துல போய்ப் பாத்தாங்களா?"

"எப்படி விடுவோம்? இருபதடி தள்ளி நாடா கட்டியாச்சு. விஷம் ஆச்சே."

"கலந்தது எப்ப?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி. அறிக்கையில இருக்கு. விடியும்போது எல்லாம் செத்து மிதந்துச்சு. அதுவும் இருக்கு."

அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் உடம்பு தானாகவே வளைந்தது. "சொல்லுங்கம்மா… ஆமாங்கம்மா… போன ஞாயித்துக்கிழமை கடையில தீர்ந்துபோச்சுங்கம்மா… இந்த வாரம் கண்டிப்பா…" பேசியபடியே தள்ளிப் போனார். போனுக்குள்ளிருந்து வந்த குரல் அவர் தள்ளிப் போன பிறகும் இங்கே கேட்டது.

ஃப்ளாஷ் காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணி, அந்தக் குரல் எனக்குத் தெரியும். செயற்பொறியாளர் வீட்டம்மா. மாப்பிள்ளை எங்கடா, மாப்பிள்ளை எங்கடான்னு மூணு மாசம் தினமும் காலையில என்னை எழுப்பினது அதுதான்."

"அந்த ஆல்பம் இவங்க வீட்டுதா?"

"மாப்பிள்ளையும் நல்லவர்தான் அண்ணி. ஃப்ரேமுக்குள்ள வர மாட்டேன்னாரு, அவ்வளவுதான்."

அண்ணி அவன் கையைப் பார்த்தாள். வழியில் வாங்கிய பன் ஒன்றைப் பாதி தின்றிருந்தான். மீதியைப் பிடுங்கிக் கரையில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, அது என் மதிய சாப்பாடு."

குப்பை மலையின் உச்சியிலிருந்து கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. ஒரு காக்கை. அதன் பின்னால் எட்டுப் பத்து. பன் இருந்த இடத்தில் வெறும் கல் இருந்தது.

"ஒன்பது செகண்ட்," என்றாள் அண்ணி. "ஏம்மா, உன் எடைமேடை ஜன்னல் இந்தப் பக்கம்தானே பாக்குது? திங்கட்கிழமை காலையில இந்தக் கரை மேல காக்கா இருந்துச்சா?"

எடைமேடைக்காரி கண்ணை மூடி யோசித்தாள். "ஆறு மணிக்கு நான் திறக்கும்போது இல்ல. எல்லாம் குப்பை மேல இருந்துச்சு. ஏழு, எட்டு… இல்ல. எட்டரைக்கு அப்புறம்தான் மொத்தமா எழுந்து இங்க வந்துச்சு. லாரிக்காரர்கூட என்ன இன்னிக்கு ஊர்வலம் போவுதுன்னு கேட்டாரு."

"பாதி பன்னுக்கு ஒன்பது செகண்ட். நூத்தி இருபது மீன் விடிஞ்சதுலேர்ந்து மிதந்திருக்கு, எட்டரை வரைக்கும் ஒரு காக்கா வரல."

"விரதமா இருந்திருக்கும்," என்றான் ஃப்ளாஷ்.

"மீன் எட்டரைக்குத்தான் வந்திருக்கு. அதுவும் தண்ணி வழியா வரல, தரை வழியா வந்திருக்கு. பேப்பர்ல வந்த படத்தைப் பெருசு பண்ணிக் காட்டு."

ஃப்ளாஷ் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். வரிசையாக மீன்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கோடுகள்.

"அணிலுக்குச் சொந்தக்காரங்க போல," என்றான். "ஒரே அளவு, ஒரே சாய்வு. இந்த அமிலம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கு."

அண்ணி வளைவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பழைய மின்கம்பியில், நீளமான அலகோடு ஒரு நீலப் பறவை அசையாமல் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி, அந்த நீலக் குருவி தியானம் பண்ணுதா?"

"வேலை பாக்குது," என்றாள் அண்ணி.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்." அந்த ஒரு சொல்லில் இருந்த வேகம் ஃப்ளாஷுக்குப் புதிது. "நீயும் போகக் கூடாது, நானும் போகக் கூடாது. வண்டியை எடு."

*

பரிசோதனைக் கூடம் ஒரு அடித்தளத்தில் இருந்தது. மேஜை, ஃபிரிட்ஜ், நாற்காலி, பரிசோதகர். நால்வருமே ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்போல் இருந்தார்கள்.

"அறிக்கை தயார்," என்றார் பரிசோதகர். "சீல் வச்சு நாலு மணி விசாரணைக்கு அனுப்பியாச்சு. நகல் வேணும்னா காவலாளி சம்சாரம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

எடைமேடைக்காரி கையெழுத்துப் போட்டாள். அண்ணி வாங்கிப் படித்தாள்.

"வயிற்றில் உள்ள பொருள்: காலி. செவுளின் நிறம்: தெரியவில்லை." அவள் நிமிர்ந்தாள். "சார், மீனைக் கொஞ்சம் பாக்கலாமா?"

பரிசோதகர் ஃபிரிட்ஜைத் திறந்தார். தன்னுடைய சாப்பாட்டு டப்பாவை நகர்த்திவிட்டு, பின்னாலிருந்த கண்ணாடிச் சாடியை எடுத்தார். மீன் உள்ளே முதுகைக் காட்டியபடி இருந்தது. அண்ணி சாடியைத் திருப்பினாள்.

அடிவயிறு தலையிலிருந்து வால் வரை நேராகப் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. செவுள் இல்லை. செதில் இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

ஃப்ளாஷ் குனிந்து சாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார்," என்றான் ஃப்ளாஷ் மெதுவாக. "இதுக்கு வயிறு காலி இல்ல. வயிறே இல்ல."

"தெரியும்."

"அதை எழுதலையே."

பரிசோதகர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். வயிற்றில் உள்ள பொருள் என்ற வரிக்கு எதிரே இரண்டே கட்டங்கள். உண்டு, காலி. "வயிறே இல்லைங்கிறதுக்குக் கட்டம் இல்ல தம்பி. பதினெட்டு வருஷமா புதுப் படிவம் கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன். இருக்கிறதுல எது நெருக்கமோ அதுல டிக் போட்டேன்."

"யாராவது கேட்டா சொல்லுவீங்களா?" என்றாள் அண்ணி.

"கேட்டா சொல்லாம என்ன? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

எடைமேடைக்காரி சாடியைத் தன் பக்கம் இழுத்தாள். "கடையில வாங்கின மீனா? வறுக்கிறதுக்குச் சுத்தம் பண்ணின மீனையா எங்க வீட்டுக்காரர் விஷம் வச்சுக் கொன்னாரு?"

"மீன் நம்ம ஃப்ளாஷ் எடுத்த ஆல்பம் மாதிரிதான்மா," என்றாள் அண்ணி. "முக்கியமானது உள்ள இல்ல. சார், அந்தப் பொடி?"

"அதுவும் எழுதியிருக்கேன். தவிடு. ஆபத்து இல்லை. அதிகம் உட்கொண்டால் வயிறு உப்பலாம்."

"தவிடா?" எடைமேடைக்காரி விழித்தாள்.

"உங்க வீட்டுல மாடு இருக்கா?"

"இல்ல."

"கோழி?"

"காக்காதான் இருக்கு. அதுக்கு நாங்க சாப்பாடு போட வேண்டியதில்ல."

"சரி," என்றாள் அண்ணி. அவளுடைய முகத்தில் கேஸ் முடிந்ததன் களிப்பு இல்லை. மூன்றாம் முறை செத்த மாட்டைப் பார்த்த நாளில் இருந்த முகம் அது. "தவிட்டைப் பத்தி விசாரணையில நாமளா வாயைத் திறக்கக் கூடாது. அவங்க கேட்டாலும் விஷம் இல்லைங்கிறதோட நிறுத்திக்கணும். யாரும். புரியுதா?"

"அது நமக்குச் சாதகம்தானே அண்ணி," என்றான் ஃப்ளாஷ்.

"அதான் பயமா இருக்கு."

*

நான்கு மணிக்கு, செயற்பொறியாளர் அலுவலகத்தில், நீள மேஜை.

தலைமையகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். ஐந்தரை மணி ரயிலுக்கு டிக்கெட்டும் இருந்தது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டார். செயற்பொறியாளர் மேஜையின் வலப்பக்கம், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு. அறிக்கை அவருக்குப் பின்னால், கோப்போடு. காவலாளி சுவரோரம் ஸ்டூலில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கால் நகங்களில் சேறு காய்ந்திருந்தது. அவர் காவல் காத்த கல் பதித்த கரையில் சேறே கிடையாது.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாளர் வச்சுக்க உரிமை இருக்கு சார்," என்றாள் அண்ணி. "அவருக்குப் பேச்சு வராது. எனக்கு வரும்."

"சுருக்கமா."

"மூணே கேள்வி. முதல் கேள்வி செயற்பொறியாளர் சாருக்கு. சீரமைப்பு முடிஞ்சதுன்னு சான்றிதழ் வாங்க என்ன வேணும்?"

செயற்பொறியாளர் தொண்டையைச் சரிசெய்தார். "கரை, விளக்கு, நடைபாதை, பெஞ்சு. அப்புறம் நீர்ல உயிரினம் இருக்கணும். இருந்துச்சு. நூத்தி இருபது. இந்த ஆள் கொன்னுட்டான்."

"அதாவது, செத்துப்போனதால உயிரோட இருந்துச்சுன்னு நிரூபணம்."

"இயல்புதானே? உயிர் இல்லாதது எப்படிச் சாகும்?"

அதிகாரி தும்மினார். தும்மலுக்கு நடுவிலும் அந்த வாதத்தைப் பாராட்டுவதுபோல் தலையசைத்தார்.

"ரெண்டாவது கேள்வி உங்களுக்கு சார். உங்க முன்னால இருக்கிற சீல் வச்ச கவரைப் பிரிச்சுட்டு, பரிசோதகருக்கு ஒரு போன் பண்ணி, கட்டத்துல இல்லாத விஷயம் ஏதாவது இருக்கான்னு கேளுங்க."

அதிகாரி கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கு உறிஞ்சுவதை மறந்தார். போனை வைத்தபோது அவருடைய பார்வை செயற்பொறியாளர் மேல் இருந்தது.

"குடல் எடுத்து, செதில் உரிச்சு, கழுவின மீனாமே."

"அதுவும் அந்த அமிலம்…" என்று ஆரம்பித்தார் செயற்பொறியாளர்.

"அமிலம் செவுளைக் கிள்ளி எடுத்துச்சா?" என்றான் ஃப்ளாஷ். "வீட்டுல அதை வேலைக்கு வச்சுக்கலாம் போலிருக்கே சார்."

"எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தக் காவலாளியே கடையில வாங்கிப் போட்டிருக்கலாம்."

"இருக்கலாம்," என்று அண்ணி ஒத்துக்கொண்டாள். "அதுக்குத்தான் மூணாவது கேள்வி. தம்பி, அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கர்ல வை."

எதிர்முனையில் போன் இரண்டு தடவை அடித்தது. அறை முழுக்க ஒரு குரல் நிறைந்தது.

"யாரு? ஃப்ளாஷா? ஆறு வருஷம் கழிச்சு மாப்பிள்ளை கெடைச்சுட்டாரா?"

செயற்பொறியாளர் எழுந்தார். அதிகாரி கையால் உட்காரச் சொன்னார்.

"நான் அவனோட அண்ணி பேசறேம்மா. ஒரு சின்ன சந்தேகம். உங்க வீட்டுக்கு மீன் வருதுல்ல, கடைக்காரம்மா அதுல எத்தனை கீறல் போடுவாங்க?"

"மூணு. ரெண்டு பக்கமும் மும்மூணு. ஒண்ணு குறைஞ்சாலும் உப்பு ஏறலைன்னு எங்க வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிடுவாரு. அதுக்காக அந்தம்மாகிட்ட பேசி வச்சிருக்கோம். ஏன் கேக்குறீங்க? போன ஞாயித்துக்கிழமை அதுவும் இல்ல. கடையில ஒரு மீன்கூட மிச்சமில்லாம எவனோ மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டானாம். எந்தக் கடங்காரனோ."

அண்ணி நன்றி சொல்லிப் போனை அணைத்தாள். எல்லாரும் அறிக்கையைப் பார்த்தார்கள்.

அறிக்கை கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய குரலில் குற்ற உணர்ச்சியைவிட நியாயம் கேட்கும் தொனிதான் அதிகம் இருந்தது.

"நான் எப்பவும் போல போன்ல சொன்னேன் சார். ஐயாவுக்கு மீன், நூத்தி இருபதுன்னேன். ஆறு வருஷமா ஐயாவுக்குன்னு சொன்னா அந்தம்மா சுத்தம் பண்ணி, கீறல் போட்டுத்தான் கொடுக்கும். அது என் புத்தியில ஏறல. திங்கட்கிழமை எட்டரைக்குக் கரையில சாக்கைப் பிரிச்சப்பதான் பாத்தேன். ஒன்பதேகாலுக்குப் பத்திரிகை வருது. வயித்தைக் கீழ பாத்து வச்சு மறைச்சுடலாம். கீறலை என்ன பண்றது? அமிலக் காயம்னு எழுதினேன். அந்த அவசரத்துல வேற யாராவது இதைவிட நல்லா எழுதியிருப்பாங்களா சொல்லுங்க."

"உயிர் மீனாவே வாங்கி விட்டிருக்கலாமே," என்றார் அதிகாரி, உண்மையான ஆர்வத்தோடு.

"உயிர் மீனுக்குத் தொட்டி வண்டி வேணும் சார். அதுக்கு மூணு விலைப்புள்ளி வாங்கணும். செத்த மீனுக்குச் சாக்கு போதும்."

அதிகாரி காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். காவலாளி மீதான குற்றச்சாட்டு ரத்து. எடைமேடைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் செயற்பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு நிதானம் வந்திருந்தது. போகிற வண்டியில் கூட ஒருவனை இழுத்துப் போட்டுக்கொள்ளும் நிதானம்.

"சரி. கால்வாய்ல மீன் கிடையாது. அப்ப திட்டம் செத்துப்போச்சு. செத்த கால்வாய்க்குக் காவலாளி எதுக்கு? அவன் வேலையும் இன்னியோட போகுது, வீடும் போகுது. எழுதிக்கோங்க சார்."

அதிகாரியின் பேனா நின்றது. "அதுவும் ஒரு கேள்விதான்," என்றார்.

அண்ணி பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.

"இது இவரோட வேலை உத்தரவு. 'சீரமைப்புப் பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படும் நாள் வரை' இவர் காவலாளி. கீழே செயற்பொறியாளர் சார் கையெழுத்து. சான்றிதழுக்கு நீர்ல உயிரினம் வேணும்னு சாரே இப்பதான் சொன்னாரு. உயிரினம் இல்லைன்னும் சாரே சொல்லிட்டாரு. அப்ப பணி முடியல. பணி முடியாத வரைக்கும் இவர் வேலை இருக்கு."

அதிகாரி உத்தரவைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பது.

"முடியல," என்று எழுதினார். "தொடரட்டும். கடைசியா ஒண்ணு, பதிவுக்காக." அவர் அண்ணியை நேராகப் பார்த்தார். "விசாரிச்சவங்க நீங்க. அந்தக் கால்வாய்ல மீன் இல்லைங்கிறது உறுதிதானே?"

ஃப்ளாஷ் காவலாளியைத் தற்செயலாகப் பார்த்தான். மூன்று நாளாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் தொடைக்கடியிலிருந்து வெளியே வந்திருந்தன.

ஃப்ளாஷுக்கு எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. மாடில்லாத வீட்டுத் தவிடு. நகத்துச் சேறு. கம்பியில் உட்கார்ந்து வேலை பார்த்த நீலப் பறவை. ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. அண்ணி ஏன் வளைவுப் பக்கம் போகவிடவில்லை என்பதும். கண்ணால் பார்க்காதவர் பொய் சொல்ல வேண்டியதில்லை.

"துறை நாலு வருஷமா கால்வாய் முழுக்கத் தேடியிருக்கு சார்," என்றாள் அண்ணி. "ஒண்ணும் கிடைக்காமத்தான் கடைக்குப் போயிருக்காங்க. துறையைவிட எனக்கா அதிகம் தெரியப்போகுது?"

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

*

ஐந்தரை மணிக்கு, வெயில் சாயும்போது, நான்கு பேரும் ஐந்நூறாவது மீட்டரைத் தாண்டி நடந்தார்கள்.

புதருக்கு அந்தப் பக்கம் கால்வாய் வேறு ஒரு கால்வாயாக இருந்தது. கிடங்குப் பக்கக் கரை முழுக்கக் களிமண்ணால் ஒரு வரப்பு, இடுப்பு உயரத்துக்கு. கறுப்புச் சாறு அதில் முட்டி, வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஓரத்தில் நெருக்கமாகக் கோரை. மேல் முனையில் பழைய மதகை யாரோ இரண்டு விரல் அளவுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் நல்ல தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான் இயந்திரம்.

தண்ணீருக்கடியில் விரல் நீள நிழல்கள் கூட்டமாகத் திரும்பின.

"முந்நூறு மீட்டர் அந்த இன்ஜினியர் நடந்து வந்திருந்தா…" என்றான் ஃப்ளாஷ்.

"சான்றிதழ் கிடைச்சிருக்கும்," என்றாள் அண்ணி. "இவருக்கு வேலை போயிருக்கும். நிரபராதின்னு சொல்ல இதைக் காட்டணும். காட்டினா வேலை முடிஞ்சுது. காட்டலைன்னா ஜெயிலு. அதான் மனுஷன் தரையைப் பாத்துக்கிட்டிருந்தாரு."

கம்பியிலிருந்து நீலமாக ஏதோ கல் மாதிரி விழுந்து, தண்ணீரைக் கிழித்து, அலகில் வெள்ளியோடு மேலேறியது. ஃப்ளாஷின் கை தானாகவே கேமராவுக்குப் போனது. காவலாளியின் சேறு படிந்த விரல்கள் லென்ஸை மூடின. அவருடைய குரலை அவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருந்தது.

"படம் வேண்டாம் தம்பி. படம் எடுத்தா பெஞ்சு போடுவாங்க."

ஃப்ளாஷ் கேமராவைப் பைக்குள் வைத்தான். "எனக்கும் முக்கியமானவங்களை ஃப்ரேமுக்கு வெளிய விட்டுடற பழக்கம் உண்டுண்ணே."

எடைமேடைக்காரி இடுப்பில் கை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"நாலு வருஷம். என்கிட்டகூடச் சொல்லல."

அவர் கோரையைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னா எடைமேடைக்குத் தெரியும். எடைமேடைக்குத் தெரிஞ்சா எல்லா லாரிக்கும் தெரியும்."

"ஜெயிலுக்குப் போயிருப்பீங்க."

"ம்."

"இந்தச் சுண்டு விரல் மீனுக்காக."

"வீட்டுக்காகவும்தான்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீனுக்காகவும்தான்," என்றார்.

அவள் கோரைக்குப் பின்னால் குனிந்தாள். அங்கே ஒளித்து வைத்திருந்த இன்னொரு தவிட்டு டப்பாவைக் கண்டுபிடிக்க அவளுக்குத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தூவினாள். நிழல்கள் மொத்தமாக மேலே வந்து வாய் திறந்தன.

"காலையில ஏழு மணிக்கு நீங்க வீட்டுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காருங்க, எல்லாரும் பாக்குற மாதிரி," என்றாள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "இனிமே தவிடு நான் போடறேன். எடைமேடைக்காரியை எந்த அதிகாரியும் எங்க போயிருந்தேன்னு கேக்க மாட்டான்."